ஐஸ் பாரில் மாப்பிள்ளை விசாரிப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஐஸ் என்றாலே ஆகாது. ஜலதோஷ உடம்பு. மார்கழியில் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினாலே மூன்று நாள் தும்முகிற ஆள் நான். அப்படிப்பட்டவன், சுவர், மேசை, நாற்காலி, தம்ளர் எல்லாவற்றையும் ஐஸ்கட்டியாலேயே செய்து வைத்திருக்கும் ஒரு சாராயக்கடைக்குள் வேட்டியோடு முக்கால் மணி நேரம் நின்றேன் என்றால், அதற்குக் காரணம் என் அக்கா மகள் கிருத்திகாவின் கல்யாணம். வேறு எதற்காகவும் அந்தக் கருமத்துக்குள் நான் கால் வைத்திருக்க மாட்டேன்.

என் பெயர் சாமிநாதன். ஆரணி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன். யார் மனை வாங்க வந்தாலும் முப்பது வருஷ வில்லங்கம் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன். மாப்பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்திவிட்டால் பெண் வீட்டு ஆள் ஒருவர் சத்தம் போடாமல் பையன் இருக்கும் ஊருக்குப் போவார். பையனுக்கும் தெரியக் கூடாது, பையனைப் பெற்றவர்களுக்கும் தெரியக் கூடாது. வீட்டுக்காரர், டீக்கடை, சலூன் என்று நாலு இடத்தில் பேச்சுக் கொடுத்து ஆள் எப்படி என்று தெரிந்துகொண்டு வருவார். எங்கள் சொந்தத்தில் இருபது வருஷமாக அந்த ஆள் நான்தான், கிருத்திகாவுக்கும் நான்தான். தாய்மாமன் இருக்கும்போது வேறு யார் போவார்கள்?

நான் தெரிந்துகொண்டு வர வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பையன் குடிக்கிறானா, இல்லையா. மங்களம் அக்காவின் வீட்டுக்காரர் குடித்தே செத்தார். அப்போது கிருத்திகாவுக்குப் பத்து வயசு. பால்வாடியில் ஆயா வேலை பார்த்து அக்கா அவளை வளர்த்தாள், படிக்க வைத்தாள். "சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவால்லடா. வாசனை மட்டும் வரக் கூடாது. நீ பாத்துட்டு வந்து சொன்னா எனக்குப் போதும்" என்பாள். என் வார்த்தை அவளுக்கு ரிஜிஸ்டர் ஆன பத்திரம்.

இதுவரை ஐந்து வரன் வந்தது. ஐந்தையும் வேண்டாம் என்று சொன்னது நான்தான். கடைசியாக வந்தவன் வேலூரில் பாங்க் வேலை. கிருத்திகாவுக்குக்கூட அவனைப் பிடித்திருந்தது. நான் வேலூரில் போய் இறங்கி இரண்டு மணி நேரம் ஆகவில்லை, டாஸ்மாக் வாசலில் கையில் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான். கண்ணால் பார்த்த பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது? அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். கிருத்திகா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அது நடந்து இரண்டு வருஷம். அவளுக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது.

இப்போது வந்திருப்பவன் ரகுராம். செய்யாறு பக்கம் சொந்த ஊர். பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனி, மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி அறையில் வாடகை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கிருத்திகா வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, இந்தத் தடவ விசாரிக்க வேணாம். நானே ஃபோன்ல பேசிப் பாத்துக்கறேன்."

"ஃபோன்ல வாசனை வருமா?" என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெங்களூரில் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர் முனிராஜ் இருக்கிறார். ஒக்கலிபுரத்தில் வீடு, சொந்த ஆட்டோ. சனிக்கிழமை காலையில் அவர் வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அவர் ஆட்டோவிலேயே மல்லேஸ்வரம் போனேன். வாடகைக்கு ரூம் தேடுகிறவன் மாதிரி பேசுவதாகத் திட்டம். பையன் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரி மமதா, ஐம்பது வயசுக் கன்னடக்காரி. கோலம் போட்ட வாசலில் நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் ரூம் காலியா என்று கேட்டேன். எத்தனை பேர், என்ன வேலை என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. முனிராஜைப் பார்த்து, "ஹுடுகி கடேயவரா?" என்றாள்.

"என்ன சொல்றாங்க?"

"பொண்ணு வீட்டுக்காரங்களான்னு கேக்குறாங்கண்ணா" என்றார் முனிராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக விசாரிக்கிறேன், ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். ஒள்ளே ஹுடுகா, நல்ல பையன் என்று நாலு தடவை சொன்னாள். ஊருக்குப் போனால் அவளுக்கு முறுக்கு வாங்கி வருவானாம். முறுக்கு வாங்கி வந்தால் வீட்டுச் சொந்தக்காரி நல்லவன் என்றுதானே சொல்வாள்? நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எங்கே இருக்கிறான் என்று முனிராஜை விட்டுக் கேட்டேன். ஆபீஸ் சிநேகிதர்களோடு எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு மாலில் ஐஸ் பாருக்குப் போயிருக்கிறான் என்று சொன்னாள்.

பார்! பட்டப்பகலில், சனிக்கிழமையில், பார்!

"அண்ணா, அது குடிக்கிற ஜாகா இல்லண்ணா. எல்லாம் ஐஸ்ல கட்டி வச்சிருக்கான். டிவில காட்டுறானே பனிக்கரடி ஊரு, அந்த மாதிரி. ஜனங்க சும்மா பாக்கறதுக்குப் போறாங்க" என்றார் முனிராஜ்.

"பார்னு பேரு வச்சுட்டு உள்ள பஜனையா பண்றாங்க? வண்டிய எடுங்க."

சாதாரணமாக இதோடு பஸ் ஏறியிருப்பேன். ஆனால் கிருத்திகா உள்ளே திரும்பிப் போன அந்த முகம் கண்ணிலேயே நின்றது. ஆறாவது தடவையும் வேண்டாம் என்று சொல்வதென்றால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுச் சொல்வோம், யாரும் வாயைத் திறக்க முடியாது என்று நினைத்தேன்.

மாலின் ஐந்தாவது மாடி. வாசலில் டிக்கெட். விலையைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் அச்சில் போட முடியாது. அதற்கு மேல், வேட்டியோடு உள்ளே விட மாட்டோம் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். முனிராஜ் அவளிடம் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று அரை மணி நேரம் கெஞ்சினார். கடைசியில், வழுக்கி விழுந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போடும் இடம் காட்டியவன் நான், படித்துப் பார்க்காமல் போட்டேன். முனிராஜ் தனக்குச் சைனஸ் என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்குப் போய்விட்டார். நல்ல சகலை!

செருப்பை வாங்கிக்கொண்டு முட்டிவரை வருகிற பூட்ஸ் கொடுத்தார்கள். தலையை மூடுகிற தொப்பி வைத்த நீலக் கோட்டு. தலையணை உறை கனத்துக்குக் கையுறை. செல்போன் குளிரில் கெட்டுவிடும் என்று அதையும் வாங்கி லாக்கரில் வைத்தார்கள். ஜாதகத்தோடு வந்த ரகுராமின் போட்டோவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன், முகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. கதவைத் திறந்தார்கள். உள்ளே மைனஸ் ஆறு என்று பலகையில் எரிந்தது.

கோட்டு முழங்கால் வரைதான். அதற்குக் கீழே நாலு முழ வேட்டி. குளிர் எந்த வழியாக ஏறியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன வேகத்தில் மூக்குக்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. துடைத்தால் மறுபடி மூடியது. மூக்கு அடைத்துக்கொண்டது. நீலமும் பச்சையுமாக விளக்கு. எதைத் தொட்டாலும் வழுக்கல். ஐஸ் நாற்காலியில் ஒரு தோலை விரித்து வைத்து, ஜனங்கள் அதில் உட்கார்ந்து ஆனந்தமாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதில் பெரிய ஏழரை என்னவென்றால், உள்ளே இருந்த இருபது பேரும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி. யார் ஆண், யார் பெண் என்றே தெரியவில்லை. மீசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஒருத்தன் முகத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். அவன் மைசூர்க்காரன். "ஏன்ரீ?" என்று கோபமாகக் கேட்டான். இன்னொருத்தர் தொப்பியைத் திருப்பியபோது அது ஒரு பாட்டியம்மா.

கவுண்டர் பையன் என்னைக் கூப்பிட்டு, டிக்கெட்டில் ஒரு டிரிங்க் இருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டான்.

"காப்பி இருக்கா?"

"காப்பி ஊத்தினா கிளாஸ் கரைஞ்சிடும் சார்." தம்ளரும் ஐஸ்தான்.

"அப்ப ஒண்ணும் வேணாம்" என்றேன். ஐஸைக் குடைந்து தம்ளர் செய்யத் தெரிகிறது, மனுஷனுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கத் தெரியவில்லை.

அப்போதுதான் தமிழ் காதில் விழுந்தது. கவுண்டர் ஓரத்தில் நாலு நீலக் கோட்டு. ஒருத்தன், "டேய் ரகு, இந்தப் பக்கம் வாடா" என்றான். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்து நகர்ந்து போனேன். அவன்தான். போட்டோவில் இருப்பதைவிடக் கொஞ்சம் இளைத்திருந்தான். அவனுக்கு முன்னால் இரண்டு தம்ளர். ஒன்றில் ஆரஞ்சு நிறம். இன்னொன்றில் தண்ணீர் மாதிரி தெளிவாக ஏதோ ஒன்று. அவன் கை தெளிவாக இருந்த தம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது.

எது அவனுடையது? தெளிவாக இருப்பது தண்ணீரா, வேறா? மோந்து பார்க்கலாம் என்றால் மூக்கு அடைத்துக் கிடக்கிறது. அவன் வாயருகே போய் முகர முடியாது, அவனும் மைசூர்க்காரன் மாதிரி கோபித்துக்கொள்வான். பத்து நிமிஷம் நின்றேன். அவன் எந்தத் தம்ளரையும் எடுக்கவில்லை. பேசினான், சிரித்தான், கையைத் தேய்த்தான், தம்ளரை மட்டும் தொடவில்லை. எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. பற்கள் தந்தி அடித்தன. குடியேன்டா, குடித்துத் தொலையேன், நான் ஊருக்குப் போக வேண்டும் என்று மனசுக்குள் கத்தினேன்.

கடையின் போட்டோக்காரர் படம் எடுக்கிறார் என்று அவர்கள் நாலு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். விட்டேனா பார் என்று தெளிவாக இருந்த தம்ளரை எடுத்துவிட்டேன். இரண்டு சொட்டு நாக்கில் பட்டால் போதும், தண்ணீரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் என் போதாத காலம். அடுத்தவன் எச்சில் தம்ளரில் நான் எப்படி வாய் வைப்பேன்? என் வீட்டிலேயே சொம்பில் வாய் வைக்க மாட்டேன். பழக்கம் போல அண்ணாந்து, தம்ளரை வாய்க்கு மேலே தூக்கிச் சாய்த்தேன். கையுறை தடிப்பு, தம்ளர் வழுக்கல். சொட்டுச் சொட்டாக விட நினைத்தது மொத்தமாக ஒரே மடையாகத் தொண்டைக்குள் இறங்கியது. நெருப்பு! அண்ணாந்த கழுத்தோடு நான் நிற்கும்போது கண்ணுக்கு நேரே பளீரென்று ஒரு ஃபிளாஷ். அதே நொடியில் ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது.

"அங்கிள், அங்கிள், மெதுவா! அது வோட்கா!"

ரகுராம்.

"டேய், அது என்னுதுடா! யார் மச்சி இவரு?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"விடு நோயல், பெரியவரு குளிர்ல நடுங்கிட்டு இருந்தாரு, தண்ணினு நெனச்சிருப்பாரு" என்றான் ரகுராம். இருமி இருமி எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தான். "என் ஜூஸ் இருக்கு அங்கிள், இத குடிங்க. நான் இன்னும் வாய் வைக்கல. கிளாஸ் உதட்டுல ஒட்டுது, அதான் பயந்துட்டு வச்சுட்டேன்."

ஆரஞ்சு ஜூஸ். நான் வாங்கி அண்ணாந்து குடித்தேன். பாதி கோட்டில் கொட்டியது. ஆரஞ்சுதான், கலப்படமில்லாத ஆரஞ்சு. ஆனாலும் விடக் கூடாதே!

"ஏன் தம்பி, நீ அத சாப்பிடறதில்லையா?"

"பைக்ல வந்திருக்கேன் அங்கிள்."

"பைக் இல்லாத நாள்ல?"

அவன் சிரித்துவிட்டான். "அந்த நாள்லயும் இல்ல அங்கிள்."

"சரியான பழம் அங்கிள் இவன்" என்றான் நோயல். "மூணு வருஷமா ட்ரை பண்றோம், ஒரு பீர்கூட உள்ள போகல."

எனக்கு அழுகை வராத குறை. ஐந்து வரன், ஐந்து ஊர், ஐந்து டீக்கடை. கடைசியில் வில்லங்கம் இல்லாத பையன் ஒருத்தன் கிடைத்துவிட்டான். ஓடிப்போய் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று அவசரம். இட்லி எப்போதோ செரித்துப்போன வயிற்றில் வோட்கா வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. கதவு மூன்றாகத் தெரிந்தது. நடுவில் இருந்த கதவில் நுழையப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

வெளியே கோட்டைக் கழற்றிக் கொடுக்கும் இடத்தில் நான் முன்னால், ரகுராம் கூட்டம் பின்னால். கோட்டு வாங்குகிற பெண் பையைத் துழாவிப் பார்த்தாள். எல்லார் பையையும் பார்ப்பார்களாம். போட்டோவை வெளியே எடுத்தாள். அதைப் பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிக் கையை நீட்டி, "சார், யுவர் போட்டோ" என்று ரகுராமிடமே கொடுத்துவிட்டாள்.

அவன் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான். பின்பக்கம் திருப்பினான். அவனைப் பெற்றவள் கையெழுத்தில் பெயரும் நட்சத்திரமும் இருந்தது. லாக்கரிலிருந்து எடுத்த அவன் செல்போன் அப்போது கூவிக்கொண்டே இருந்தது. பார்த்தான். "மமதா ஆன்ட்டி ஆறு தடவ கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "ஆரணியா?"

நான் பூட்ஸைக் கழற்றுகிற மாதிரி குனிந்தேன். குனிந்தவனால் நிமிர முடியவில்லை. அவன்தான் தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தான்.

"கிருத்திகாவோட மாமாவா நீங்க?"

"ஆமாம்பா."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே அங்கிள்."

"கேட்டா எவன் உண்மைய சொல்லுவான்?" என்று எரிந்து விழுந்தேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவும் எனக்குக் கடுப்பாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு எழுந்து போயிருப்பேன்.

செல்போனை வாங்கியதும் அக்காவைக் கூப்பிட்டேன். அப்போதாவது என் புத்தி என்னைத் தடுத்திருக்கலாம்.

"அக்கா! பையன் தங்கம்க்கா! சொக்கத் தங்கம்!"

"சாமிநாதா, ஏன்டா நாக்கு குழறுது?"

"குளிருக்கா. ஒரே ஐஸு."

"பெங்களூர்ல எங்கடா ஐஸு?"

"ஐஸ் பாருக்கா."

"பாரா?"

"பாருன்னா அந்தப் பாரு இல்லக்கா. சும்மா பாக்கற பாரு. பையன் ஜூஸ்தான் குடிச்சான். இல்ல, அவன் குடிக்கல, நான்தான் அவன் ஜூஸக் குடிச்சேன். அதுக்கு முன்னால நோயலோடத..."

சொல்லச் சொல்ல மோசமாகிக்கொண்டே போனது. நிறுத்தவும் தெரியவில்லை. அக்கா கத்தவில்லை. தணிந்த குரலில் பேசினாள்.

"இந்தக் குரலோட பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணவடா நான். எனக்குத் தெரியாதா? குடிச்சவன் பேச்ச நம்பி என் பொண்ணக் குடுக்கச் சொல்றியா?"

லைன் வெட்டுப்பட்டது. ஃபோனில் வாசனை வராது என்று கிருத்திகாவிடம் சொன்னவன் நான்.

அந்த மாலின் பளிங்குத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயசு வரைக்கும் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஐந்து தடவை நான் வேண்டாம் என்றபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பியவள், முதல் தடவையாக வேண்டும் என்று சொல்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கிருத்திகா கூப்பிட்டாள்.

"மாமா, அம்மா அழறாங்க."

"கிருத்திகா, பையன் நல்ல பையன்மா. சத்தியமா சொல்றேன்."

"நீ நல்லவன்னு சொன்னா என்ன மாமா, கெட்டவன்னு சொன்னா என்ன? இதுவும் போச்சு. விசாரிக்க வேணாம்னு உன்கிட்ட சொன்னேன் இல்ல?" வைத்துவிட்டாள்.

ரகுராம் போட்டோ கவுண்டருக்குப் போய்விட்டு வந்தான். உள்ளே எடுத்த படங்களை அட்டையில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். ஓரமெல்லாம் பனித்துளி போட்ட அட்டை. நடுவில் நான், கழுத்தை அண்ணாந்து, வாயைப் பிளந்துகொண்டு, வாய்க்கு மேலே ஐஸ் தம்ளர், கோட்டுக்குக் கீழே வேட்டி. பக்கத்தில் ரகுராம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு.

"இத எடுத்துட்டுப் போங்க அங்கிள். நடந்தத நடந்தபடி அத்தைகிட்ட சொல்லிடுங்க."

"இத காட்டினா இன்னும் உருப்படும்!" என்று கத்தினேன். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அவன் என்னை முனிராஜின் ஆட்டோ வரை கொண்டுவந்து விட்டான். பையன் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு முனிராஜ், "ஒள்ளே ஹுடுகாண்ணா" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். சந்தாபுராவில் டிராபிக்கில் அரை மணி நேரம் நின்றது. அந்த அரை மணி நேரமும் அட்டையைப் பையிலிருந்து எடுத்தேன், ஜன்னல் வழியாக வீசப்போனேன், மறுபடி உள்ளே வைத்தேன். பத்திரம் எழுதுகிறவன் கை ஒரு தாளைக் கிழித்தெறியாது. அது என்ன தாளாக இருந்தாலும் சரி.

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முகம் கொடுக்கவில்லை. முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிருத்திகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் மமதா முதல் மைசூர்க்காரன் வரை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்தும் அக்கா நிமிரவில்லை. வேறு வழியில்லாமல் அட்டையை அவள் முன்னால் வைத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதென்னடா, அண்ணாந்து குடிக்கிற?"

"எச்சில் கிளாஸுக்கா."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் எச்சில் பாத்ததில்ல. எவன் கிளாஸா இருந்தாலும் வாய வச்சிருவாரு. கீழ சிந்தினா நக்கக்கூடச் செய்வாரு." படத்தின் மேல் விரலை வைத்து, "குடிக்கறவன் எவனும் இப்படி அண்ணாந்து குடிக்க மாட்டான்டா" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கையப் புடிச்சிருக்கிறவன் யாரு?"

"அவன்தான்க்கா. ரகுராம்."

மறுபடியும் பார்த்தாள். "வரச் சொல்லு. நான் நேர்ல கேட்டுக்கறேன். நீ விசாரிச்சது போதும் சாமிநாதா."

இருபது வருஷ உத்தியோகம் அந்த ஒரு வார்த்தையில் போனது. போகட்டும், காரியம் முடிந்ததே என்று நினைத்து எழுந்தேன். அதற்குள் கிருத்திகா வந்து அட்டையை எடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து! ரகுராமை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு மெதுவாக நின்றது.

"மாமா."

"என்னம்மா?"

"இந்த போட்டோவ மட்டும் எவனாவது தெரியாதவன் பாத்தா உன்ன என்னன்னு சொல்லுவான்?"

"குடிகாரன்னு சொல்லுவான், வேற என்ன?"

"அந்த வேலூர்க்காரரு டாஸ்மாக் வாசல்ல கையில பாட்டிலோட நின்னாருன்னு சொன்னியே," என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அவரு குடிச்சத பாத்தியா மாமா?"

அக்கா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். நான் பார்க்கவில்லை. பாட்டில் யாருக்கு என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.